ஞாயிற்றுக்கிழமை சுவிச்சு

சனிக்கிழமை பின்னேரம் பங்குக் கோயிலில் திருந்தாதிச் செபத்துக்கு மணி அடித்தால் எங்கள் கடற்றொழிலாளர் சங்கக் கந்தோரின் மெயின் சுவிச்சை இறக்குவது யூலியானா அக்காவின் வேலை. அதற்கென்று தனியாகச் சம்பளம் கிடையாது. கூட்டித் துடைக்க, குடிக்கப் பிளேன்ரீ போட, கதவுத் திறப்பு வைத்திருக்க என்று சங்கம் அவவுக்குக் கொடுக்கிற சொற்பக் காசுக்குள் இதுவும் அடக்கம். மற்ற வேலைகளை முணுமுணுத்துக்கொண்டு செய்கிற மனிசி, இதை மட்டும் பூசைக்குப் போகிற பயபக்தியோடு செய்வா. கையைத் துடைப்பா, நெற்றியில் சிலுவை போடுவா, கதிரையில் ஏறி டக்கென்று இறக்குவா. மின்விசிறி சுற்றி ஓயும். உள்ளறையில் சேர்வருக்குக் கீழே இருக்கிற பற்றரிப் பெட்டி கொஞ்ச நேரம் கத்திவிட்டு, சேர்வரையும் நிற்பாட்டிவிட்டு அடங்கும். "இனித் திங்கள் விடியத்தான்" என்று சொல்லிக் கதவைப் பூட்டிக்கொண்டு போவா.

ஊர்காவற்றுறையில் எங்கள் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை கடலில் வலை போடுவதில்லை. அதைக் கந்தோருக்குள்ளும் கொண்டுவந்தவர் சங்கத் தலைவர் குருசுமுத்து அண்ணை. "கடலுக்கு ஓய்வெண்டால் கந்தோருக்கும் ஓய்வு. லைற், ஃபான், கொம்பியூட்டர் ஒண்டும் ஓடக்கூடாது" என்று கூட்டத்தில் எழும்பி நின்று சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். பக்தி ஒன்றுமில்லை, ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வா என்று இனி ஒருவரும் கூப்பிட ஏலாதே என்ற சந்தோசம்தான். நான் அந்தச் சங்கத்தின் எழுதுவினைஞர், பெயர் அனோஜினி. கடிதம் அடிக்கிறது, மெயில் பார்க்கிறது, தலைவர் கத்தும்போது யன்னலுக்கு வெளியே பார்க்கிறது, இந்த மூன்றும் என் பொறுப்பு.

எங்களைப்போல ஒரு சின்னச் சங்கத்துக்கு மெயிலுக்கென்று சொந்தமாக ஒரு சேர்வர் இருக்கிறதென்றால் யாழ்ப்பாணத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று எங்களை முன்னேற்ற வந்தது. முன்னேற்றிப் படமும் எடுத்துக்கொண்டு போகும்போது அதைத் தந்துவிட்டுப் போனது. அதைப் பொருத்தித் தந்தவர் இதே தீவில் சரவணை என்ற ஊரைச் சேர்ந்த கோபிசங்கர். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவரை நான் கண்டதில்லை. ஒரு வருடம் ஒப்பந்தத்துக்கு வந்து போனார், அதற்குப் பிறகு ஏதும் பழுதென்றால் மட்டும் கூப்பிடுவோம். பழுது ஒன்றும் வரவில்லை, கூப்பிடவும் இல்லை.

அந்தச் சேர்வரால் எங்களுக்கு ஒரு பெருமை இருந்தது. அங்கத்தவர் எல்லோருக்கும் சங்கம் பிளாஸ்டிக் ஒட்டிய ஒரு அட்டை கொடுத்தது. முன்பக்கம் சங்கத்தின் பெயரும் அங்கத்துவ இலக்கமும் மட்டும். பின்பக்கம், "இவரைக் கடலிலோ கரையிலோ கண்டால் தயவுசெய்து அறிவியுங்கள்" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, கீழே எங்கள் மெயில் முகவரி. தொலைபேசி இலக்கம் போடவில்லை. கந்தோர்த் தொலைபேசியின் கம்பியை எவனோ வெட்டிக்கொண்டு போய் வருசக்கணக்காகிறது, தலைவரோ சட்டை மாற்றுகிற மாதிரிப் போன் நம்பர் மாற்றுகிறவர். மாறாமல் இருந்தது அந்த மெயில் முகவரி ஒன்றுதான்.

போன வருடம் தெற்கிலிருந்து அடிக்கிற சோளகக் காற்றில் டினேஷின் போட் எஞ்சின் நின்று, இழுபட்டு, அக்கரையில் வேதாரணியம் பக்கம் ஒதுங்கியது. அவன் மயங்கிக் கிடக்க, பொக்கற்றில் இருந்த அட்டையைப் பார்த்து அந்த ஊர் மனிதர் ஒருவர் அன்றைக்கே எங்களுக்கு மெயில் போட்டார். நான்தான் அதைத் திறந்தேன். "உயிரோடு இருக்கிறார்" என்ற சொல்லைப் பார்த்துக் கத்திக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடியது இப்போதும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு அட்டைக்கு வந்த மதிப்பைக் கேட்கவேண்டாம். யூலியானா அக்கா தன் புருசன் அன்ரனிதாசின் காற்சட்டைக்குள் ஒரு உள்பொக்கற் தைத்து, அட்டையைத் தண்ணீர் படாமல் சொப்பின் பையில் சுற்றி அதற்குள் வைத்து, வாயையும் தைத்துவிட்டா. அதைக் கண்டு மற்றப் பெண்களும் தங்கள் வீட்டு ஆண்களின் காற்சட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மத்தியானத்தில் கந்தோர் வாசலில் இருந்து எல்லோருக்கும் அவ தைத்துக் கொடுத்தா.

இந்த வருடச் சோளகத்தில், ஒரு வெள்ளிக்கிழமை விடிய, அன்ரனிதாஸ் அண்ணை தனியாகத் தொழிலுக்குப் போனார். கூடப் போகிறவனுக்குக் காய்ச்சல். அனலைதீவுக்கு மேற்கே அவரைக் கண்டதாக ஒருவன் சொன்னான். பின்னேரம் காற்று எழும்பியது. இரவு அவர் வரவில்லை. சனிக்கிழமை முழுக்க எங்கள் போட்டுகளும் நேவியும் தேடின, ஒன்றும் அகப்படவில்லை. பங்குச் சுவாமி துறைமுகத்துக்கு வந்து, "தேடிப் போறது தொழிலில்லை, ஞாயிறும் போங்கோ" என்று ஆசீர்வதித்து அனுப்பினார். ஆக, கடலுக்கு அந்த ஞாயிறு விலக்குக் கிடைத்தது. கந்தோருக்கு விலக்குக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

சனி பின்னேரம் மணி அடித்தபோது நான் கந்தோரில் நின்றேன். யூலியானா அக்கா அழுது வீங்கிய முகத்தோடு வந்து கதிரையை இழுத்தா.

"இண்டைக்கு விடுங்கோ அக்கா" என்றேன். "ஒரு நாள் ஓடினால் என்ன வரப்போகுது?"

"விசரே உனக்கு? அவர் அங்க கடவுளின்ர கையில நிக்கேக்க நான் இங்க ஞாயிறை மீறுறதோ?"

கையைத் துடைத்து, சிலுவை போட்டு, இறக்கினா. அந்தச் சிலுவை அன்றைக்கு வழமையைவிட நீளமாக இருந்தது.

திங்கள் விடிய முதல் ஆளாக வந்து சுவிச்சை ஏற்றினதும் அவதான். நான் வரும்போது கொம்பியூட்டருக்குப் பக்கத்தில் நின்றா. "பார் அனோ, ஏதும் வந்ததோ?" பார்த்தேன். பழைய மெயில்கள்தான் வரிசையாக நின்றன. புதிதாக ஒன்றும் இல்லை. டினேஷுக்கு உதவிய அந்த அக்கரை மனிதருக்கு ஒரு மெயில் எழுதி அனுப்பினேன். அவருடைய போனுக்கும் எடுத்துப் பார்த்தோம், அந்த இலக்கம் பாவனையில் இல்லை என்றது. செவ்வாயும் அக்கா வந்து அதே கேள்வி கேட்டா. அதே பதில் சொன்னேன். நாங்கள் எல்லோரும் பாதி நேரம் துறைமுகத்தில்தான் நின்றோம். மெயில் வராதது எங்களுக்கு அப்போது அதிசயமாகப் படவில்லை, எங்களுக்கு யார் தினமும் எழுதுகிறார்கள்?

புதன்கிழமைதான் கவனித்தேன், நான் திங்கள் அனுப்பிய மெயில் இன்னும் வெளியே போகாமல் என்னுடைய கொம்பியூட்டரிலேயே குந்திக்கொண்டிருந்தது. கோபிசங்கருக்கு அழைப்பெடுத்தேன். அவர் மோட்டார் சைக்கிளில் வந்து, உள்ளறைக்குள் போய், சேர்வருக்கு முன்னால் குந்தினார். எதையெதையோ தட்டிப் பார்த்தார். பிறகு, "ஐயோ" என்றார்.

"என்ன தம்பி, பழுதோ?" என்று கேட்டார் குருசுமுத்து அண்ணை.

"மெஷின் பழுதில்லை ஐயா. இடம் முடிஞ்சுது. திங்கள் விடியத் தொடங்கேக்கையே மெயில் எழும்பேல்லை. நீங்கள் உதில பாத்துக்கொண்டிருந்தது உங்கட கொம்பியூட்டர் தன்ர பாட்டில வைச்சிருந்த பழசு."

எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு அவர் விளக்கினார். "ஒரு கடிதம் வந்தால் சேர்வர் உடனை அதை அலுமாரியில அடுக்காது. முதல் ஒரு எழுதுற கொப்பியில பதிஞ்சு வைக்கும். இடையில கரண்ட் போனாலும் அதைப் பாத்துத் திரும்ப அடுக்கலாம். அந்தக் கொப்பிதான் லொக் எண்டு சொல்லுறது. கிழமைக்கு ஒருக்கா எல்லாத்தையும் வேற டிஸ்கில படியெடுத்து முழு பக்கப் ஒண்டு எடுக்க வேணும். எடுத்து முடிஞ்ச உடனை, இனி உந்தப் பழைய கொப்பியள் தேவையில்லை எண்டு தானாக் கழிச்சு விடும். பக்கப் எடுக்காட்டிக் கழிக்காது. கொப்பிக்கு மேல கொப்பி. கடைசியில எழுத ஒரு இடமும் இல்லாமல் கடையைப் பூட்டிப்போடும். பிறகு ஆர் என்ன அனுப்பினாலும் வாங்காது."

"அப்ப பக்கப் எடுக்கேல்லையோ நீர்?" தலைவரின் குரல் உயர்ந்தது.

"மெஷினைப் பூட்டின அண்டைக்கு ஒண்டு எடுத்தனான். அதுக்குப் பிறகு தானா ஓடத்தான் ஒழுங்கு செய்து வைச்சனான். தோத்தால் எனக்கு அறிவிக்கச் சொல்லியும் வைச்சனான். அறிவிப்பு ஒண்டும் வரேல்லை, எல்லாம் சரியெண்டு இருந்திட்டன். இப்ப பாத்தால் அது ஒரு நாளும் தொடங்கவே இல்லை. தொடங்காத வேலை எப்பிடி ஐயா தோக்கும்?"

"ஏன் தொடங்கேல்லை?" என்று நான் கேட்டேன்.

"அதுதான் விளங்கேல்லை. ஞாயிறு விடியப்புறம் ஓட விட்டனான். எல்லா இடத்திலயும் அப்பிடித்தான் வைக்கிறது. ஞாயிறு ஒருதரும் வேலை செய்யாயினம், மெஷின் சும்மா நிக்கும். இங்க பாத்தால் ஒவ்வொரு சனியும் பின்னேரம் மெஷின் நிண்டிருக்கு. ஒவ்வொரு திங்களும் எழும்பியிருக்கு. சனிக்கிழமையில ஆர் கரண்டை நிப்பாட்டினது?"

யூலியானா அக்கா அந்நேரம் பிளேன்ரீத் தட்டோடு கதவடியில் நின்றா. "நான்தான் தம்பி" என்றா. ஒரு ஒளிவு மறைவும் இல்லை அந்தக் குரலில். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடக் கை உயர்த்துகிற பிள்ளையின் குரல்.

கோபிசங்கர் அவவையும் தலைவரையும் மாறி மாறிப் பார்த்தார். தலைவர் யன்னலைப் பார்த்தார். ஒரே தீவு. சரவணைக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு கடல்கூடக் கிடையாது, ஒரே பஸ்தான் ஓடுகிறது. ஆனால் எங்கள் ஞாயிறு எப்படி என்று அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ஊரில் நாய்க்கும் தெரிந்த விசயத்தை வாய் திறந்து சொல்லவேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? அவருக்கும் தன் கணக்குச் சரி, எங்களுக்கும் எங்கள் கணக்குச் சரி. எனக்கு இரண்டு பக்கத்திலும் கோபம் வந்தது. யாரைத் திட்டுவதென்று தெரியாத கோபத்தைப்போல ஆளைத் தின்னுகிற ஒன்று கிடையாது.

அக்கா தட்டை மேசையில் வைத்தா. "அப்ப தம்பி, இந்த நாளுக்குள்ள ஆரும் எங்களுக்கு எழுதியிருந்தால்?"

"உடனை திரும்பிப் போகாது அக்கா. அவையின்ர சேர்வர் விட்டுவிட்டுத் தட்டிப் பாத்துக்கொண்டு நிக்கும். சிலது ரெண்டு நாள் நிக்கும், சிலது கூடவும் நிக்கும்."

"அதுக்குப் பேந்து?"

"பேந்து அனுப்பின ஆளிட்டையே திருப்பிக் குடுத்திடும்."

"அப்ப கெதியாத் திற ராசா" என்றா. அவ அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை.

தலைவருக்கு அது போதும். "உந்தக் கொப்பியளை அழிச்சுப்போட்டு இப்பவே திறவும். பழங்கடிதம் ஆருக்கு வேணும்?"

"அழிச்சால் எழும்பாது ஐயா" என்றார் கோபிசங்கர். "கடைசிக் கொப்பியளில இருக்கிறது இன்னும் அலுமாரிக்குள்ள போகேல்லை. அதைக் கிழிச்சால் சேர்வருக்குத் தான் எங்க நிண்டதெண்டு தெரியாமல் போகும். பேந்து நாளைக்கில்லை, அடுத்த மாசமும் திறக்க ஏலாது. வேற டிஸ்க் ஒண்டில பழசுகளைத் தள்ளி வைச்சு, திறந்து, முழு பக்கப் எடுத்தால் எல்லாம் சரி வரும்."

பக்கப்புக்கென்று முதலே பொருத்திவைத்த டிஸ்க் ஒன்று இருந்தது. ஓடாமலே கிடந்து கிடந்து உப்புக் காற்றில் அதன் வாயெல்லாம் பச்சை பிடித்து, சுற்ற மறுத்தது. புதிது வாங்க யாழ்ப்பாணம் போகவேண்டும், கடை பூட்டும் நேரமாகிவிட்டது. வியாழன் காலை அவர் வாங்கிக்கொண்டு வந்தார். பாதி வேலையில் கரண்ட் போனது. மத்தியானம் முழுக்க வியர்த்துக்கொண்டு அதே கதிரையில் இருந்தார், சாப்பிடவில்லை. பின்னேரம் கரண்ட் வந்து, வேலை முடிந்து, மெயில் திறந்தது.

வெளியே காத்து நின்றதெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே விழுந்தன. யூலியானா அக்கா என் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றா. அவவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஒவ்வொன்றுக்கும், "இது? இது?" என்று கேட்டா. எரிபொருள் மானியச் சுற்றறிக்கை. வலை விற்கிற கொம்பனி விளம்பரம். ஒரு கருத்தரங்கு அழைப்பு. இலவசமாக உலகம் சுற்ற வா என்று ஒன்று. நான் அக்கரைக்கு எழுதியது, அந்த முகவரியில் இப்போது ஆளில்லை என்று திரும்பி வந்திருந்தது. அவ்வளவுதான்.

நான் அவவின் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். அவவோ பெருமூச்சு விட்டுச் சிரித்தா. "ஒண்டும் இல்லையெண்டால் நல்லது, என்ன? ஏதும் நடந்திருந்தால் அட்டையைப் பாத்து எழுதியிருப்பினம். அவர் உயிரோட கரையேறியிருக்கிறார். அங்க மறியலில பிடிச்சு வைச்சிருக்கிறாங்கள் போல."

எங்கள் ஆட்கள் எல்லை தாண்டினார்கள் என்று அங்கே சிறையில் மாதக்கணக்காக மறியல் இருந்துவிட்டு வருவது நடக்கிற காரியம்தான். அதனால் அந்த நம்பிக்கையை விசர் என்று ஒருவரும் சொல்லவில்லை. நான் தேடிப் பிடித்த முகவரிகளுக்கெல்லாம் எழுதினேன், ஒன்றிலிருந்தும் பதில் வரவில்லை. கிழமைகள் போயின. சுவாமி இரண்டு தரம் வீட்டுக்குப் போய், ஆன்ம இளைப்பாற்றிப் பூசை ஒன்று வைப்போமா என்று மெல்லக் கேட்டார். "சாகாத மனிசனுக்கு என்ன பூசை சுவாமி?" என்று அக்கா அனுப்பிவிட்டா. அவருக்கு மறியலுக்குக் கொண்டுபோக, உடுக்க இரண்டு சாரமும் ஒரு துவாயும் வாங்கி வைத்திருந்தா. மெயில் பிரச்சினையைக் கோபிசங்கர் தீர்த்துவிட்டார், பக்கப்பைப் புதன்கிழமைக்கு மாற்றிவிட்டார். ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு குறையும் வரவில்லை. சனி பின்னேரம் அக்கா கதிரையில் ஏறிக்கொண்டுதான் இருந்தா.

மழை தொடங்குகிற நேரத்தில் அரச கந்தோரிலிருந்து ஒரு கடித உறை வந்தது. உள்ளே அக்கரைப் பொலிசாரின் கடிதம், எத்தனையோ மேசை ஏறி இறங்கி வந்த முத்திரைகளோடு. தலைவருக்கு நான்தான் வாசித்தேன். இன்ன ஞாயிற்றுக்கிழமை அதிகாலை ஆண் சடலம் ஒன்று கரையொதுங்கியது. காற்சட்டையின் உள்ளே தைத்திருந்த பொக்கற்றில் அங்கத்துவ அட்டை ஒன்று இருந்தது. இடது முழங்கையில் பழைய தழும்பு. அட்டையில் கண்ட முகவரிக்குத் திங்கள் ஒருமுறை, செவ்வாய் ஒருமுறை, படங்களோடு மின்னஞ்சல் அனுப்பப்பட்டது. இரண்டும் திரும்பி வந்தன. பெறுநர் ஏற்கவில்லை. உரிமை கோர ஒருவரும் இல்லாதபடியால் சனிக்கிழமை பொது மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

"திரும்ப வாசி" என்றார் குருசுமுத்து அண்ணை.

"எதை?"

"அந்த ஏற்கவில்லை எண்டதை."

வாசித்தேன். அவர் கத்துவார் என்று யன்னல் பக்கம் திரும்பப் பார்த்தேன், அவர் கத்தவில்லை. கதிரையில் இருந்தபடியே சுருங்கிப் போனார். நாங்கள் ஏற்கவில்லையாம். வந்து வாசலில் நின்று இரண்டு தரம் கூப்பிட்ட மனிதனை நாங்கள் ஏற்கவில்லையாம். வியாழன் பின்னேரம் நாங்கள் திறந்தபோது அவர் இன்னும் மண்ணுக்குள் போகவில்லை. எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரி அறையில் எங்களுக்காகக் காத்துக் கிடந்திருக்கிறார். மூன்றாம் தரமும் ஒருக்கால் அனுப்பிப் பார்த்திருந்தால் என்ன என்று அந்த முகம் தெரியாத பொலிஸ்காரனை மனதுக்குள் திட்டினேன். பிறகு தலைவரை, கோபிசங்கரை, கை தட்டிய எங்கள் எல்லோரையும் திட்டினேன். கடவுளையும் விடவில்லை. திட்டித் திட்டி அழுதேன்.

"பிள்ளை" என்றார் தலைவர். "செத்ததைச் சொல்லத்தான் வேணும். மெயில் போட்டதை மட்டும் சொல்லாதை. தான்தான் சுவிச்சை இறக்கினதெண்டு அண்டைக்கு அந்தப் பொடியனுக்கு முன்னால சொன்னவள். அது தெரிஞ்சால் அவள் இருக்கமாட்டாள்."

அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே நல்ல யோசனை அதுதான் என்று எனக்குப் பட்டது. அன்று பின்னேரம் சுவாமியோடு நாங்கள் அவவின் வீட்டுக்குப் போனோம். கடிதத்தை நான் வாசித்தேன். சடலம், ஞாயிறு, பொக்கற், தழும்பு, அடக்கம் எல்லாம் வாசித்தேன். அந்த இரண்டு வரியை மட்டும் தாண்டினேன். தழும்பு என்றதும் அவ கத்தின கத்து பக்கத்து வளவுகளை எல்லாம் கூட்டியது. அது அடங்கிய பிறகு, தொண்டை கிழிந்த குரலில், "அட்டையைக் கண்டவங்கள் ஏன் எங்களுக்கு எழுதேல்லை?" என்று கேட்டா.

"தெரியேல்லை அக்கா" என்றேன். "அவங்கள் எழுதேல்லை."

"பாவியள்" என்றா. "டினேஷுக்கு எழுதின சனம், இவருக்கு ஒரு வரி எழுத மனம் வரேல்லையே. மண்ணள்ளிப் போடவும் விடேல்லையே. பாவியள்." நானும் தலையை ஆட்டினேன். ஒரு பாவமும் அறியாத ஊரை அவ அன்று சபித்தா, நாங்கள் மூன்று பேரும் கேட்டுக்கொண்டு இருந்தோம்.

பெட்டியில்லாமல், அவருடைய கலியாணப் படத்தை மட்டும் வைத்துப் பூசை நடந்தது. சேமக்காலையில் அவருக்கென்று ஒரு குழி கிடையாது. அங்கே போய் எங்கே மெழுகுதிரி கொளுத்துவது என்று தெரியாமல் அவ பெரிய சிலுவையடியில் கொளுத்திவிட்டு வந்தா.

அதற்கு அடுத்த சனிக்கிழமை, நான் கந்தோரைப் பூட்ட ஆயத்தம் பண்ணிக்கொண்டு நின்றேன். சுவிச்சை இனி என்னை இறக்கச் சொல்லித் தலைவர் சொல்லியிருந்தார். மணி அடித்தது. கறுத்தச் சீலையோடு யூலியானா அக்கா உள்ளே வந்து கதிரையை இழுத்துப் போட்டா.

"நான் செய்யிறன் அக்கா, நீங்கள் ஏன்..."

அவ ஏறிவிட்டா. கையைத் துடைத்தா. சிலுவை போடவில்லை. சுவிச்சில் கையை வைத்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றா.

"அனோ, டினேஷுக்கு அண்டைக்கே எழுதினவை, என்ன?"

"ஓம் அக்கா."

"அதே கரை. அதே அட்டை."

நான் கந்தோர்த் திறப்பைக் கைக்குள் வைத்துத் திருப்பினேன்.

"இவரைக் கண்டது ஞாயிறு விடிய எண்டு நீதானே வாசிச்சனீ. நாங்கள் மெயில் திறந்தது வியாழன். அந்தச் சரவணைத் தம்பி சொன்னவன், ரெண்டு நாள் தட்டிப்போட்டுத் திருப்பிக் குடுத்திடும் எண்டு. கிழமை முழுக்க நான் படுத்துக் கிடந்து அதைத்தான் யோசிச்சனான்." அவ குரல் உடையவில்லை. "அவை எழுதினவை. எத்தினை தரம்?"

சொல்லிவைத்திருந்த பொய்கள் எல்லாம் வாய்வரை வந்தன. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு ஒன்றையும் சொல்ல என்னால் ஏலவில்லை.

"ரெண்டு தரம்."

சந்தையில் மீன் விலை கேட்டவள்போலத் தலையை ஆட்டினா. பிறகு சுவிச்சிலிருந்து கையை எடுத்தா. கதிரையால் இறங்கி, அந்தக் கதிரையையே இழுத்துக்கொண்டு வந்து என்னுடைய கொம்பியூட்டருக்கு முன்னால் போட்டு இருந்தா.

"எப்பிடித் திறக்கிறதெண்டு காட்டு."

"இனி என்னத்துக்கு அக்கா?" என்று அழுதேன். "அவர் இனி..."

"இந்தக் கரையில எத்தினை பேற்ற பொக்கற்றில அட்டையை வைச்சுத் தைச்சு விட்டிருக்கிறன். விடியப் போன டினேஷும் இன்னும் கடலால வரேல்லை. காட்டு."

காட்டினேன். மவுசைப் பிடிக்கத் தெரியவில்லை, இரண்டு மூன்று தரத்தில் பிடித்துக்கொண்டா. புதிதாக வந்தது தடித்த எழுத்தில் மேலே நிற்கும் என்று சொல்லிக்கொடுத்தேன். ஆங்கிலத்தில் வந்தால் என்னைக் கூப்பிடச் சொன்னேன். வீட்டுக்குப் போகச் சொல்லி எவ்வளவோ கேட்டும் அவ எழும்பவில்லை.

ஞாயிறு காலை பூசைக்குப் போன சனம் எல்லாம் கந்தோருக்குள் லைற் எரிவதைப் பார்த்துக்கொண்டு போனார்கள். ஒருவரும் உள்ளே வரவில்லை. குருசுமுத்து அண்ணை வெள்ளை வேட்டியோடு வந்து கதவடியில் நின்றார். நான் ஒரு பேணியில் தேத்தண்ணி கொண்டுவந்து அக்காவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நின்றேன்.

"யூலியானா" என்றார் அவர். "பூசைக்கு வாரும் பிள்ளை. ஞாயிறெல்லே இண்டைக்கு."

"தெரியும் அண்ணை." கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே சொன்னா. "ஒரு ஞாயிறும் தவறாமல் நான் காத்தனான்."

அவர் சுவரில் இருந்த சுவிச்சைப் பார்த்தார், அவவைப் பார்த்தார். வேட்டியை மடித்துப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார். இரண்டாம் மணி அடித்தது. அக்கா தேத்தண்ணியைத் தொடாமல் அப்படியே இருந்தா.